பதினாறு ஏ

இந்த இடம் காலிதானே? உட்காரட்டுமா? பையை எடுக்க வேண்டாம், இந்த ஓரம் போதும். எனக்கு ரொம்ப நேரம் உட்காரவும் முடியாது, கூப்பிட்டுவிடுவார்கள். மணி என்ன? பன்னிரண்டு இருபதா? ஒரு மணிக்குள் கூப்பிடுவதாகத்தான் மேடம் சொன்னார். ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள், அதற்குள்.

உங்களுக்கு என்ன, பிறப்புச் சான்றிதழா? என்ன குழந்தை? பெண்ணா, ரொம்ப நல்லது. பிறந்த தேதி என்ன? இருபத்தொன்றா. இரண்டும் ஒன்றும் மூன்று. அருமையான எண். பெயரில் ஒரு எழுத்துத் திருத்தம் என்றால் அவசரப்படாதீர்கள், கூட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எது வந்தாலும் எட்டு வரக் கூடாது. எட்டு, பதினேழு, இருபத்தாறு, எதுவும் ஆகாது.

நான் பேசுவது கேட்கிறதா? எனக்குக் குரலே இவ்வளவுதான். சண்டை சச்சரவு என்றால் எனக்கு ஆகவே ஆகாது. யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசினவன் இல்லை நான். கூடப் பிறந்த அண்ணனிடமே ஆறு வருஷமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணனால்தான் இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். கேளுங்கள், நேரம் இருக்கிறது. இருக்கிறது அல்லவா? அந்தக் கதவு திறந்தால் மட்டும் சொல்லுங்கள்.

வாட்டர் டேங்க் லைன் தெரியுமா? பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அறுபத்து நான்கு ஓட்டு வீடு. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்களுக்காக மாநகராட்சி கட்டியது. எங்கள் அப்பா வால்வு திறக்கிறவர். அவர் இருந்த வீடு அண்ணனுக்கு வந்தது. பக்கத்து வீடு காலியானபோது எனக்காக அலைந்து வாங்கிக்கொடுத்ததும் அண்ணன்தான், அதை நான் மறைக்கவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தனி ஆளுக்கு வீடு கிடையாது என்றார்கள், அதனால் அதையும் தன் பேரிலேயே எழுதி வாங்கினார். இரண்டு வீட்டு வாடகை ரசீதும் இன்றைக்கும் நாச்சிமுத்து என்றுதான் வரும். நான் சென்னியப்பன். இங்கிலீஷில் எழுதினால் ஒரு எச் கூடுதலாக வரும், அதை அப்புறம் சொல்கிறேன்.

போன தை மாசம் எங்களையெல்லாம் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். மாநகராட்சி இடம் கொடுக்குமாம், ஒரு கம்பெனி தன் செலவில் கட்டுமாம். ரோட்டைப் பார்த்த முன்பக்கம் கம்பெனிக்கு, அதில் கடை, தியேட்டர், விற்கிறதற்கு வீடு. பின்பக்கம் எட்டு மாடி எங்களுக்கு. நம்பருக்கு ஒரு வீடு, வாடகை இல்லை, சொந்தம். "நீங்களும் இதுல பங்குதாரர்ங்க" என்று டை கட்டின பையன் ஒருவன் மைக்கில் சொன்னான். எங்களுக்குக் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மேடைக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே எங்கள் லைன் எப்படி ஆகப்போகிறது என்று செய்து வைத்திருந்தார்கள். விரல் நகம் அளவுக்குக் கார், தீக்குச்சி உயரத்துக்கு மரம். எல்லோரும் குனிந்து குனிந்து தங்கள் வீட்டைத் தேடினார்கள். எனக்கு அடுத்த வீட்டு ஆரோக்கியமேரி அக்கா அந்தப் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "முன்னாடி இத்தனை ஒசரமா நிக்குதே தம்பி, பின்னாடி இருக்கற எங்களுக்குக் காத்து எந்த வழியா வரும்?" என்று கேட்டார். டை கட்டின பையன் கம்பெனிக்காரரைப் பார்த்தான். கம்பெனிக்காரர் மாநகராட்சி ஆளைப் பார்த்தார். மாநகராட்சி ஆள் மண்டபத்து ஃபேனைப் பார்த்தார். "அதெல்லாம் ரெண்டாங் கட்டத்துல வருமுங்கம்மா" என்றார். காற்று இரண்டாம் கட்டத்தில் வருமாம்! மண்டபமே சிரித்தது. நானும் அண்ணனும்கூட ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். நான் உடனே நிறுத்திக்கொண்டேன்.

கதவு திறந்ததா? இல்லை, பியூன்தான். சரி.

சித்திரையில் கணக்கெடுக்க வந்தார்கள். கௌசிகா என்று ஒரு பெண், கம்பெனிப் பெண், கையில் டேப்லெட். வீட்டுக்கு முன்னால் நின்று அமுக்கினால் நம்பர் வரும். கூட வந்த பெயின்டர் தகர அச்சை நிலைக்குப் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பெயின்டில் அடிப்பார். யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் பெயரில் நம்பர். ரசீது எல்லாம் பார்க்கவில்லை. எவ்வளவு நல்ல முறை பாருங்கள்! அண்ணன் வீட்டுக்குப் பதினாறு. அடுத்தது என் வீடு.

பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. சும்மா இருக்க முடியுமா?

"கண்ணு, ஒரு நிமிசம். இந்த நம்பரு வேண்டாங்கண்ணு."

"வேண்டாம்னா எப்படி அங்கிள்?"

"எட்டு வருது. எனக்கு ஆகாது. பதினெட்டுப் போட்டுரு. பதினேழை மேரியக்காவுக்குப் போட்டுரு, அவங்க வேதக்காரங்க, அவங்களை ஒண்ணும் பண்ணாது."

மேரியக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஆமா கண்ணு. சனீஸ்வரன் சர்ச்சுக் கேட்டுக்கு உள்ள வரமாட்டாரு. தாராளமா எனக்கே போடு" என்றார்.

"வரிசை மாத்த முடியாது அங்கிள். இந்த வீட்டைத் தாண்டிப் போனா, இங்க வீடே இல்லைன்னு காட்டும்."

நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். நல்ல வெயில். அந்தப் பெண் குடித்தாள், பெயின்டரும் குடித்தார். அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். "முந்தின நம்பரோட ஏ போட்டா சிஸ்டம் விடும் அங்கிள். பதினாறு ஏ." பெயின்டர், "ஏக்கு அச்சு இல்லீங்க மேடம்" என்றார். "கையில எழுதுங்கண்ணா" என்றாள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் எட்டு இல்லை.

போட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னாள்தான். "ஏ போட்டா பதினாறோட சேர்ந்த மாதிரி வரும் அங்கிள், பரவாயில்லையா?" என்று ஏதோ கேட்டாள். எட்டு இல்லாமல் எது வந்தாலும் பரவாயில்லை என்றேன். பெயின்ட் காய்வதற்குள் ஒருவர் கேட்டால் வேறு என்ன சொல்வது?

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது என் சம்சாரம் தெய்வானை கேட்டாள். "ஏனுங், உங்க எண்கணக்குல ஏங்கற எழுத்துக்கு எத்தனைங்?"

"ஒண்ணு."

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, அப்புறம் ஆறு, அப்புறம் ஒன்று. எட்டு விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் யோசித்தேன். யோசித்ததில் தெளிவாகிவிட்டது. எழுத்துக்குக் கணக்கு பெயரில் வரும்போதுதான், சுவரில் வரும்போது இல்லை. தெய்வானைக்கு அது விளங்கவில்லை. "அப்படின்னா பத்திரிகையில வந்த எழுத்துக்கு மட்டும் எதுக்குங் அத்தனை ஆட்டம்?" என்று கேட்டாள்.

இரண்டும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள். என் பெயரில் ஒரு எச் சேர்த்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். ஆதாரில் மாற்றினேன், பேங்க்கில் மாற்றினேன். ரேஷன் கார்டு மட்டும் பழசாகவே நிற்கிறது. அடுத்த வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். இங்கிலீஷ் பக்கத்தில் சித்தப்பன் பெயரில் அந்த எச் இல்லை. போய்க் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அண்ணன் சிரிக்கிறார். "ஒரு எச்சு எச்சா இருந்துச்சுடா, அச்சாபீஸ்காரன் எடுத்துட்டான்" என்கிறார். எங்கள் பக்கத்தில் எச்சு என்றால் அதிகம் என்று அர்த்தம்.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. முகூர்த்தம் முடிகிற வரைக்கும் அண்ணன் மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், மேரியக்கா வந்து சொன்னார். நின்றால் ஆயிற்றா? பத்திரிகையைத் திருத்தி அடித்தாரா? இல்லையே.

அன்றிலிருந்து பேச்சில்லை. நடுவில் ஒற்றைச் சுவர். அவர் செருப்பை உதறுவதுகூட எனக்குக் கேட்கும். போன மார்கழியில் அவருடைய இருமல் சத்தம் மாறிப்போனது. நான் போகவில்லை. "அந்த ஆளு மருந்தை மாத்தோணும்" என்று தெய்வானையிடம் சொன்னேன், அவள் அண்ணியிடம் சொன்னாள், மாற்றினார்கள். அது பேச்சில் சேராது.

மணி என்ன? பன்னிரண்டரையா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆடியில் பட்டியல் வந்தது. தொட்டித் தூணில் ஒட்டினார்கள். அறுபத்து நான்கு வீட்டுக்கு அறுபத்து மூன்று பெயர். பதினேழு, ஆரோக்கியமேரி. பதினாறு, நாச்சிமுத்து. நாச்சிமுத்துவுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், 'ஏ, சென்னியப்பன் குடும்பம், சேர்ந்து வாழ்பவர்கள்'.

சேர்ந்து வாழ்பவர்கள்! ஆறு வருஷமாக முகம் பார்க்காத ஆளோடு நான் சேர்ந்து வாழ்கிறேனாம். லைனே தூணைச் சுற்றி நின்று சிரித்தது. "நாங்க கண்ணு மூடறதுக்குள்ள நடக்காதுன்னு நினைச்சோம், கவுருமெண்டு சேத்து வெச்சிருச்சு" என்றார் மேரியக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பருக்கு ஒரு வீடு. ஒரு ஹால், ஒரு ரூம். அண்ணன், அண்ணி, நான், தெய்வானை, என் மகள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். புத்தகத்தை எங்கே வைப்பாள்? தனி வீடு என்று எழுதி வாங்காவிட்டால் என் குடும்பத்துக்கு என்று ஒரு கதவு கிடையாது. கட்டிடம் எழும்பிவிட்டால் அப்புறம் கேட்கவும் முடியாது.

இங்கே வந்தேன். அதோ, உள்ளே கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறாரே, அந்த மேடம்தான். நல்லவர். ரேஷன் கார்டு காட்டினேன், ஆதார் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல இருக்கறதும் இதுல இருக்கறதும் ஒரே ஆளா சார்? இங்கிலீஷ்ல ஒரு எழுத்து இடிக்குதே" என்றார். ரசீதைக் கேட்டார். ரசீதில் அண்ணன் பெயர். கடைசியில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"பதினாறாம் நம்பர்காரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"அப்படி எழுதாதீங்க சார். கூடப் பிறந்தவங்கன்னு வந்தா ஒரே குடும்பம்னுதான் எடுத்துக்கும். உறவில்லைன்னு போட்டு அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தனி வீடு வந்துரும். நான் ஒண்ணும் பண்ண முடியாது, படிவம் அப்படித்தான் இருக்கு."

சுலபமான காரியம் என்று நினைத்தேன். ஆறு வருஷமாக எப்படி இருக்கிறோமோ அதைத்தானே எழுதச் சொல்கிறார்கள்? படிவத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. அண்ணி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டிலில்.

"அவன் கையில என்ன காயிதம்னு கேளு" என்றார் அண்ணன், அண்ணியைப் பார்த்து.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியிடம் சொன்னேன். "ஒரு கையெழுத்துங் அண்ணி. அவருக்கும் எனக்கும் உறவில்லைன்னு."

அண்ணி உரிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணன் கையை நீட்டினார். நான் காகிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன், அண்ணி அவரிடம் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். இருக்கிறது என்னவோ ஒன்பது வரி. அதற்கு அவ்வளவு நேரம்.

"எங்கப்பனுக்கு ரண்டு பசங்க" என்றார். "ஒண்ணு நானு. இன்னொண்ணு பக்கத்து வீட்டுல பேசாம உக்காந்திருக்குது. பேசாட்டிப் போகுது. இல்லைன்னு எழுத எனக்குக் கை வராதுன்னு அவன்கிட்டச் சொல்லு."

"மாமா, அவங்களுக்கு வீடு வரோணுமல்ல" என்றார் அண்ணி.

"நம்ம வீட்டுலயே இருக்கட்டும். ரூமை அவங்க எடுத்துக்கட்டும், புள்ள படிக்கோணும். நாம ஹாலுல கிடந்துக்கலாம். வேணும்னா நடுவுல ஒரு சுவரு வெச்சுக்கட்டும்னு சொல்லு."

பார்த்தீர்களா? எவ்வளவு வன்மம்! ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட மனசில்லை. என் பெண்டாட்டி பிள்ளையை அவர் வீட்டு ரூமில் கொண்டுவந்து உட்கார வைத்து, காலமெல்லாம் இவர் தயவில் இருந்தோம் என்று ஆக்க வேண்டும், அதுதான் திட்டம். இத்தனையையும் கோபமே படாமல் சொல்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெய்வானையிடம் வந்து சொன்னேன். அவள் அழுதாள். அவளுக்கும் தாங்கவில்லை போல.

மறுபடியும் மேடத்திடம் வந்தேன். அண்ணன் போடாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறதாம். நானே உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு விசாரணை. அது இன்றைக்கு. இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தது.

லைனில் ஒருவரும் சாட்சி போட மாட்டேன் என்கிறார்கள். மேரியக்காவிடம் போனேன். என் பதினேழாம் நம்பரை வைத்திருக்கிறார், அந்த நன்றிக்காவது போடலாம் அல்லவா? "நாளைக்கு அந்த மனுசனுக்கு ஒண்ணுன்னா கொள்ளி வெக்கறதுக்கு ஆம்பளைப் பையன் இல்ல, நீதான் சட்டி தூக்கோணும். அன்னிக்கு வந்து என் கையெழுத்தைக் காட்டுவாங்க. எந்திரிச்சுப் போ சென்னி" என்கிறார். வேதக்காரருக்கு எதற்கு நம் கொள்ளிச் சட்டியெல்லாம்?

இன்றைக்குக் காலையில் பாருங்கள், நான் ஏறின பஸ்ஸிலேயே அவரும் ஏறினார். நான் பின்னால், அவர் முன்னால். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டால், "உங்களுக்கு எடுத்தாச்சுங்க" என்கிறார். யார் எடுத்தார்கள்? எனக்கு அந்த பஸ்ஸில் யாரையும் தெரியாது. கூட்டத்தில் இந்தக் கண்டக்டர்களுக்கு ஆள் குழம்பிவிடுகிறது.

கதவு திறக்கிறது. இல்லை, ஃபைல் கொண்டு போகிறார்கள். அடுத்தது நாங்களாகத்தான் இருக்கும்.

அதனால்தான் உங்களைப் பார்த்ததும் இங்கே வந்து உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தாலே நல்லவர் என்று தெரிகிறது, மூன்றாம் எண்ணில் பெண் பெற்றவர் வேறு. இதோ, இந்த இடம்தான். படித்துப் பாருங்கள். 'மேற்கண்ட இருவருக்கும் உறவு ஏதுமில்லை என்பதை நான் நேரில் அறிவேன்.' முதல் சாட்சி, வாசலில் மனு எழுதுகிறவர் போட்டுவிட்டார், அவர் எதற்கும் போடுவார். இரண்டாவதுதான் வேண்டும். உங்களுக்கு எங்களைத் தெரியாது, உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. தெரிந்தவர்கள்தான் மாட்டேன் என்கிறார்கள்.

பேனா எழுதும். கொஞ்சம் உதறுங்கள்.

ஏன் அங்கே பார்க்கிறீர்கள்? ஆமாம், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, அவர்தான். வந்ததிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறார். பெஞ்சில் இடம் இருக்கிறது, உட்கார்ந்தால் என்ன? மூட்டு வலி வேறு. அவரை விடுங்கள், நீங்கள் காகிதத்தைப் பாருங்கள்.

இப்போது எதற்கு என்னைப் பார்க்கிறீர்கள்?

மூக்கா? எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மூக்கு அப்படித்தான் இருக்கும். காதும் அப்படித்தான். அவருக்கு மீசை நரைத்திருக்கிறது, பாருங்கள், எனக்கு அவ்வளவு நரைக்கவில்லை. நிற்கிறபோது ஒரு கையைப் பின்னால் கட்டுவது ஒரு அடையாளமா? ஊரில் எத்தனையோ பேர் கட்டுகிறார்கள்.

பேனாவை ஏன் என்னிடமே கொடுக்கிறீர்கள்? கொஞ்சம் இருங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள், என் மகளுக்குப் படிக்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான், வேறு ஒன்றுமே—

மேடமா கூப்பிட்டார்? பதினாறு என்றாரா?

கேட்டீர்களா? கேட்டீர்களா நீங்கள்? "டேய் சென்னி, உன்னையுந்தாண்டா கூப்புடறாங்க, எந்திரிச்சு வா." ஆறு வருஷம் கழித்து வாயைத் திறந்தால் முதல் வார்த்தை 'டேய்'! நாற்பத்தேழு வயது ஆளை, இத்தனை பேர் நடுவில்! இதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன். இதற்காவது நீங்கள் சாட்சி. அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், சீக்கிரம், நிற்கிறார் பாருங்கள்—

வாரனுங்ண்ணா, இதோ வந்துட்டன்.